படுத்துப் பார்த்த வெளிச்சம்

கட்டடக்கலைஞர்களுக்கு விளக்கு நிறுவனங்கள் நடத்தும் ஒளியமைப்புப் பயிற்சி எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஹோட்டல் ஒன்றில் ஜன்னலே இல்லாத ஓர் அரங்கு. திரையில் லுமென் (விளக்கு தரும் மொத்த ஒளி), வாட், பீம் ஆங்கிள் (ஒளி விரியும் கோணம்), உத்தரவாதக் காலம். பிறகு கேள்வி நேரம், இரவு உணவு, புறப்படும்போது கையில் ஒரு கேட்டலாக். நடத்துபவர்கள் பெரும்பாலும் நல்ல பொறியாளர்கள். கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்பவர்கள். அவர்கள்மீது எனக்கு மனத்தாங்கல் கிடையாது. பட்டம் வாங்கிய பிறகு ஒரு கட்டடக்கலைஞர் வெளிச்சத்தைப் பற்றிக் கற்க நம் ஊரில் ஏறத்தாழ இந்த ஒரு வாசல்தான் திறந்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஒளியமைப்புப் பொறியியலுக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. ஆனால் அலுவலகம் நடத்திக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரர் அங்கே போய் உட்கார முடியாது. அவருக்குக் கிடைப்பது அந்த ஹோட்டல் அரங்கு. அங்கே விளக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித் தருகிறார்கள். வெளிச்சத்தை யார் கண்ணுக்காக வைக்கிறோம், எங்கே வைக்காமல் விடவேண்டும் என்ற பேச்சு வருவதே இல்லை.

இந்த எண்ணம் வெறும் கருத்தாக இருந்து கோபமாக மாறியது ஒரு மருத்துவமனை வார்டில். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த சித்தப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். முகத்தின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்துச் சத்தமில்லாமல் உட்கார்ந்தேன். துண்டுக்குள்ளிருந்தே பேசினார்: “தூக்கம் எல்லாம் இல்லையப்பா. கண்ணைத் திறந்தால் நேரே அந்த விளக்கு.” நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கட்டிலுக்கு நேர் மேலே, ஃபால்ஸ் சீலிங்கில், இரண்டடிக்கு இரண்டடி எல்இடி பேனல். அடுத்த கட்டிலில் ஒரு பாட்டி புடவைத் தலைப்பைக் கண்மேல் இழுத்துவிட்டிருந்தார். அதற்கும் அடுத்தவர் நாளிதழை விரித்து முகத்தை மூடியிருந்தார். சமீபத்தில்தான் புதுப்பித்த வார்டு அது. கட்டில்களின் மையமும் பேனல்களின் மையமும் ஒரே கோட்டில் இருந்தன. சீலிங் வரைபடத்தில் அது எவ்வளவு ஒழுங்காகத் தெரிந்திருக்கும் என்று என்னால் உடனே கற்பனை செய்ய முடிந்தது. பரப்பில் விழும் ஒளியை அளக்கும் லக்ஸ் மீட்டரைக் கட்டில்மீது வைத்தால் விதிமுறை கேட்கும் அளவு கிடைத்திருக்கும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. வரைந்தவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார், நின்றுகொண்டு சரிபார்த்திருக்கிறார். அந்த அறையில் இரவும் பகலும் இருக்கப்போகிறவர் மல்லாந்து படுத்திருப்பார் என்பது யார் கணக்கிலும் வரவில்லை.

அன்றிலிருந்து எந்த ஒளியமைப்புப் பயிற்சிக்குப் போனாலும் எனக்குள் அந்தத் துண்டு வந்து நின்றது. கண்கூச்சத்தை அளக்க யூஜிஆர் என்ற எண் இருக்கிறது. அலுவலகத்துக்கு அது 19-ஐத் தாண்டக்கூடாது என்று திரையில் காட்டுவார்கள், நாங்களும் குறித்துக்கொள்வோம். அந்த எண்ணே உட்கார்ந்து நேராகப் பார்ப்பவரின் கண்ணை வைத்துப் போடப்படும் கணக்கு. படுத்திருப்பவருக்கு அது பொருந்தாது. இதை ஒரு பயிற்சியில் கேட்டேன். நடத்தியவர் சற்று யோசித்து, “உண்மைதான் சார், மருத்துவமனைக்கு வேறு மாதிரி ஃபிட்டிங் எடுத்துக்கொள்ளலாம்” என்று கேட்டலாக்கில் பக்கம் காட்டினார். என் கேள்வி எந்த ஃபிட்டிங் என்பது அல்ல. முதலில் கண்ணைக் குறித்துவிட்டுப் பிறகு விளக்கைக் குறிக்கும் பழக்கத்தை எங்களுக்கு யார் கற்றுத் தருவது என்பது.

பட்டத்துக்குப் பிறகு மாறியவை

கல்லூரியில் படித்ததே போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் தலைமுறை படித்தபோது அறுபது வாட் குண்டு பல்பும், சோக் வைத்த நாற்பது வாட் டியூப் லைட்டும்தான் உலகம். அறையின் நீள அகலத்தை எடுத்து, லுமெனைப் பெருக்கி வகுத்து, எத்தனை டியூப் என்று விடை எழுதினால் மதிப்பெண். அந்தப் பாடம் நடத்தப்பட்ட விளக்கே இப்போது கடையில் அரிதாகிவிட்டது. மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்யப்பட்ட எல்இடி பல்பு, சில ஆண்டுகளிலேயே 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. விளக்கு மலிவானதும் நம் வீடுகளில் பாயிண்டுகள் பெருகின. ஒரு கூடத்துக்கு ஒரு டியூப் என்றிருந்தது போய், சீலிங் முழுக்கப் பதிந்த டவுன்லைட்டுகள், சுற்றிலும் ஓரத்தில் மறைத்துவைத்த கோவ் லைட், நடுவில் ஒரு சரவிளக்கு என்று ஆயிற்று. மின் செலவு கூடாததால் யாரும் இதைக் கேள்வி கேட்கவில்லை.

எல்இடி என்பது டியூப் லைட்டுக்கு மாற்று மட்டும் அல்ல. அது வெள்ளையை உண்டாக்கும் முறையே வேறு. உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் பூச்சு அந்த நீலத்தின் ஒரு பகுதியை மாற்றி, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நீலச் சில்லைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மலிவான பூச்சில் குறைந்துபோவது சிவப்பு. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று விளக்குப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் குறியீட்டு எண், எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. அந்த எட்டில் அழுத்தமான சிவப்பு கிடையாது. அது ஒன்பதாவதாக, ஆர்9 என்று தனியே நிற்கிறது. சராசரி 80 என்று போட்ட விளக்குக்கு ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம். 2015-ல் வந்த டிஎம்-30 முறை 99 நிறங்களை வைத்துச் சோதிக்கிறது. ஆனால் நம் கடைகளில் அந்த எண்ணைக் கேட்டு வாங்குபவர் அரிது.

இந்தக் கணக்கு எதுவும் தெரியாமல் நம் பெண்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். பட்டுக்கடையில் அரக்குச் சிவப்புப் புடவையைத் தேர்ந்தெடுத்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய், பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். கடைக்காரரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாமல் கூடவே வருவார். அந்தக் கடையை வடிவமைத்த கட்டடக்கலைஞர் ஒரு மணி நேரம் அந்த வாசலில் நின்றிருந்தால் போதும். ஆர்9 என்ன என்று எந்தத் திரையும் காட்டத் தேவையில்லை.

கண்ணைப் பற்றிய அறிவும் மாறியிருக்கிறது. விழித்திரையில் பார்ப்பதற்கான கூம்புகளும் தண்டுகளும் மட்டுமே ஒளியை உணர்கின்றன என்றுதான் நாங்கள் படித்தோம். மூன்றாவதாக ஒருவகை நரம்புச் செல்களும் தாமாகவே ஒளியை உணர்ந்து, உடலின் இரவு பகல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன என்பது 2002-ல் உறுதியானது. அவை அதிகம் விழித்துக்கொள்வது 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு. ஆகவே இரவு இரண்டு மணிக்கு வார்டில் எரியும் வெண்ணீல விளக்கு நோயாளியின் கண்ணை மட்டும் தொந்தரவு செய்வதில்லை, அவர் உடலுக்கு இன்னும் பொழுது சாயவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. 2002-க்கு முன் பட்டம் வாங்கிய எவருக்கும் இது பாடத்தில் வந்திருக்க வழியில்லை. அவர்கள்தான் இன்று பெரிய மருத்துவமனைகளின் வரைபடங்களில் கையெழுத்திடும் மூத்தவர்கள். வயதான கண்ணும் அப்படியே. அறுபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்; லென்ஸ் மஞ்சளாகிறது, கூச்சம் தாங்கும் சக்தியும் குறைகிறது. அதாவது முதியவருக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், அதே சமயம் அது கண்ணில் அடிக்கக்கூடாது. முப்பது வயது வடிவமைப்பாளர் தன் கண்ணை மட்டும் நம்பி இதை எட்டிவிட முடியாது.

பிரிட்டனில் கட்டடக்கலைஞர் அமைப்பான ஆர்ஐபிஏவின் உறுப்பினர் ஆண்டுக்கு 35 மணி நேரம் தொடர்கல்வி முடிக்க வேண்டும். அமெரிக்காவில் அதேபோன்ற ஏஐஏ அமைப்பின் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 18 கற்றல் அலகுகள். அவற்றில் 12 மக்களின் உடல்நலம், பாதுகாப்பு, பொதுநலம் சார்ந்தவையாக இருக்க வேண்டும். அங்கேயும் நிறுவனங்கள் வகுப்பு நடத்துகின்றன. ஆனால் பாட நேரத்துக்குள் தன் பொருளை விளம்பரம் செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது. நாம் 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டத்தின்கீழ், கட்டடக்கலைஞர் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவர்கள். நான் பதிவைப் புதுப்பித்தபோதெல்லாம் கட்டணம் கேட்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன கற்றாய் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

“எல்லோரும் படுங்கள்”

எனக்குத் திசை காட்டியது நண்பர்கள் சிலர் சேர்ந்து, எந்த நிறுவனத்தின் காசும் இல்லாமல், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்திய ஒரு பயிற்சி. எங்களில் ஒருவர் பழைய நர்சிங் ஹோம் ஒன்றைப் புதுப்பிக்க எடுத்திருந்தார். வேலை தொடங்குமுன் கட்டடம் சில வாரங்கள் காலியாக இருந்தது. உரிமையாளரும் அனுமதி தந்தார். பாடம் நடத்த வந்தவர் நெடுங்காலம் மேடை நாடகங்களுக்கு விளக்கமைத்து, பிறகு கட்டடங்களின் பக்கம் வந்த ஒரு பெண்மணி. கணினி, திரை எதுவும் கொண்டுவரவில்லை. கிளாம்ப் விளக்குகள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தெர்மாகோல் அட்டைகள், கறுப்புத் துணி, ஒரு லக்ஸ் மீட்டர். நேரம் மாலை ஏழுக்கு மேல். “பகலில் வந்தால் சூரியன் எல்லாவற்றையும் மன்னித்துவிடும்” என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

முதலில் ஓர் அறையில் மேசையைச் சுற்றி நிற்கச் சொன்னார். விளக்குகள் அனைத்தையும் மேசைமேல் திருப்பினார். மீட்டர் முந்நூறு லக்ஸைத் தாண்டியது. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 3646 வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் கேட்கும் அளவை ஒட்டியது. அறை எப்படி இருக்கிறது என்று கேட்டார். மங்கலாக இருக்கிறது என்றோம். குகைபோல் இருக்கிறது என்றார் ஒருவர். அதே விளக்குகளை, ஒன்றுகூடக் கூட்டாமல், வெள்ளைச் சுவரின் பக்கம் திருப்பினார். மேசைமேல் அளவு பாதிக்கும் கீழே போய்விட்டது. அறை பளிச்சென்று ஆனது, எதிரே நின்றவர்களின் முகம் தெரிந்தது, கூரைகூட உயர்ந்ததுபோல் இருந்தது. கண் பார்ப்பது மேசைமேல் விழும் ஒளியை அல்ல, பரப்பில் பட்டுத் திரும்பிவரும் ஒளியை என்று நாங்கள் எல்லோரும் புத்தகத்தில் படித்தவர்கள்தான். அன்றைக்கு அது உடம்பில் ஏறியது. மனிதர் நிமிர்ந்து நடக்கும்போது பார்ப்பதெல்லாம் சுவர்களைத்தான். நாமோ தரையையும் மேசையையும் மட்டுமே அளந்துகொண்டிருக்கிறோம்.

பிறகு வார்டுக்கு அழைத்துப்போனார். பழைய இரும்புக் கட்டில்கள் அங்கேயே கிடந்தன. “எல்லோரும் படுங்கள்” என்றார். தயங்கினோம். மூத்த கட்டடக்கலைஞர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் படுத்தார். அதற்குப் பிறகு யாருக்கும் கூச்சம் இல்லை. சீலிங்கின் நடுவில் கட்டிய விளக்கைப் போட்டார். சில நொடிகளில் ஒவ்வொருவர் கையும் தானாகக் கண்ணுக்கு மேலே போயிற்று. யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் சித்தப்பாவின் துண்டை நினைத்துக்கொண்டேன். விளக்கைத் தலைமாட்டுச் சுவருக்கு மாற்றி, ஒளியை மேல்நோக்கித் திருப்பி, கூரையில் பட்டு இறங்கும்படி செய்தார். கைகள் இறங்கின. அடுத்து ஒருவரை நர்ஸாக நிற்கவைத்து, இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் கையில் நரம்பைத் தேட வேண்டும், என்ன விளக்கு வேண்டும், அது பக்கத்துக் கட்டிலை எழுப்பாமல் இருக்க எப்படி வைப்பீர்கள் என்றார். முக்கால் மணி நேரம் அதிலேயே போயிற்று. தெர்மாகோலை வைத்தோம், கறுப்புத் துணியால் மறைத்தோம், விளக்கைத் தாழ்த்தினோம். கடைசியில் அவர் கேட்டதுதான் என்னை உலுக்கியது: “நோயாளி, நர்ஸ் இருவரையும் பார்த்துவிட்டீர்கள். கூட இருப்பவர் எங்கே படுப்பார்?” நம் ஊர் வார்டுகளில் கட்டிலுக்குக் கீழே, பக்கத்திலே, பாய் விரித்துப் படுக்கும் மனைவியோ மகளோ எந்த வரைபடத்திலும் இல்லை. நாங்கள் வழிகாட்டலுக்கென்று தரையை ஒட்டிப் பொருத்த நினைத்திருந்த சிறிய விளக்கு நேராக அவர் முகத்தில் அடிக்கும். ஒருவர் தரையில் படுத்துச் சரிபார்த்துச் சொன்ன பிறகுதான் அதன் முகத்தைக் கீழ்நோக்கித் திருப்பினோம்.

அந்த இரவுக்குப் பிறகு என் அலுவலகத்தில் வரைபடம் போடும் முறை மாறியது. கட்டடத்தை நெடுக வெட்டியதுபோல் காட்டும் வெட்டுத்தோற்றம் வரையும்போதே அதில் கண்களைக் குறிக்கிறோம்: எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு நேரம், என்ன வயது. விளக்கு பிறகுதான் வருகிறது. இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. ஒளியமைப்பைத் தனித் தொழிலாக வளர்த்தவர்களில் ஒருவரான அமெரிக்கர் ரிச்சர்ட் கெல்லி 1950களிலேயே வெளிச்சத்தை அளவைக் கொண்டு பிரிக்காமல், அது செய்யும் வேலையைக் கொண்டு மூன்றாகப் பிரித்துப் பேசினார்: சுற்றிலும் நிறைவது, ஒன்றைச் சுட்டிக்காட்டுவது, கண்ணுக்கு விருந்தாக மினுங்குவது. அவரும் கட்டடக்கலைஞர் லூயி கானும் சேர்ந்துதான் டெக்சஸில் 1972-ல் திறந்த கிம்பெல் அருங்காட்சியகத்தின் கூரைப் பிளவில் இறங்கும் சூரிய ஒளியை அலுமினியத் தகட்டில் பிரதிபலிக்கவைத்து வளைகூரை முழுதும் பரப்பினார்கள். கட்டடக்கலைஞரும் வெளிச்சக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை அது.

யாரும் விற்காத விளக்கு

நிறுவனப் பயிற்சிகளில் பகல் வெளிச்சம் பற்றிப் பேச்சு வராததில் வியப்பில்லை. அதை விற்க ஆள் இல்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் எட்டாம் பகுதியில் முதல் பிரிவு இயற்கை வெளிச்சத்துக்குக் கணிசமான இடம் தருகிறது. நம் நாட்டு வானம் தரும் வெளிச்சமாக வடிவமைப்புக் கணக்குக்கு நெடுங்காலம் 8000 லக்ஸ் என்று வைத்திருந்தார்கள். அதில் நூற்றில் ஒரு பங்கு அறைக்குள் வந்தாலே 80 லக்ஸ். ஐரோப்பாவின் மேகமூட்டத்துக்குப் போட்ட கணக்கை நாம் சுமக்க வேண்டியதில்லை என்பதை அந்த எண்ணே சொல்கிறது. ஆனாலும் ‘வடக்கு ஜன்னலில் வெயில் வராது’ என்ற பாடத்தை இன்னும் மனப்பாடமாகச் சொல்பவர்களைப் பார்க்கிறேன். சென்னை இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில். ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் உச்சந்தலையைக் கடந்து வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் நடுப்பகுதியைத் தாண்டித்தான் தெற்கே திரும்புகிறது. அக்னி நட்சத்திரம் கொளுத்தும் நாட்களில் நம் வடக்குச் சுவர்தான் வெயில் வாங்குகிறது. மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டு மே மாதம் நண்பகலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

புதுச்சேரியில் 1930களின் பிற்பகுதியில் கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்ட் கட்டத் தொடங்கிய கோல்கொண்டே என்ற அரவிந்தர் ஆசிரம விடுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஜன்னல் என்று ஒன்றை வைக்காமல் முகப்பு முழுவதையும் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகளாக்கி, காற்றையும் வெளிச்சத்தையும் சேர்த்தே ஆளும்படி செய்திருக்கிறார்கள். வெளியே வெட்டவெளி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கிறது. உள்ளே தாழ்வாரத்தில் நூறு போதும். அந்த இடைவெளியைக் கண் ஒரே எட்டில் தாண்ட முடியாது. வெயிலிலிருந்து வங்கிக்குள் நுழைந்து ஒரு நிமிடம் எதுவும் தெரியாமல் நிற்கும் முதியவர்களைக் கவனித்தால் புரியும். திண்ணையும் நடையும் வைத்த பழைய வீடுகளில் அந்த இறக்கம் படிப்படியாக இருந்தது. இன்று நுழைவாயிலில் கண்ணாடிக் கதவு, உடனே உள்ளே கூடம்.

கம்பி கட்டிய பிறகு வரும் கேள்வி

இத்தனையும் கற்றாலும் பயன்படுத்த நேரம் வேண்டும். நம் வேலைத்தளங்களில் வெளிச்சம் முடிவாகும் தருணம் எது என்று யோசித்துப் பாருங்கள். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, மறுநாள் காலை கான்கிரீட் என்ற நிலையில் எலெக்ட்ரீஷியன் தொலைபேசியில் அழைப்பார்: “சார், பைப் போடணும், ஃபேன் பாக்ஸ் நடுவில், சுற்றி நாலு பாயிண்ட் போட்டுவிடவா?” பத்து நொடியில் சரி என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பத்து நொடி அந்தக் குடும்பத்தோடு முப்பது ஆண்டு இருக்கும். சுவரிலும் தலைமாட்டிலும் வரவேண்டிய வெளிச்சம் எல்லாம் சீலிங்குக்குப் போவது இங்கேதான். ஆகவே ஒளியமைப்புப் பயிற்சிக்குக் கட்டடக்கலைஞர்களோடு எலெக்ட்ரீஷியன்களையும் அழைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் இரவுப் பயிற்சிகளுக்கு ஓர் எலெக்ட்ரீஷியன் தொடர்ந்து வருகிறார். படுத்துப் பார்த்த அன்றைக்கு அவர் சொன்னார்: “இதை முன்பே யாராவது காட்டியிருந்தால் நான் எத்தனை வீட்டில் கட்டிலுக்கு நேரே பாயிண்ட் வைக்காமல் இருந்திருப்பேன்!” அடுத்த முறை அவரிடமிருந்து வந்த அழைப்பே வேறு மாதிரி இருந்தது. கட்டில் எந்தப் பக்கம் தலை வைக்கும் என்று கேட்டார்.

மணல்மேல் இருக்கும் கண்

கட்டடத்துக்கு வெளியே கண் மனிதருடையதாகக்கூட இருக்க வேண்டியதில்லை. சென்னைக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒன்றரை மாதத்துக்குப் பின் குஞ்சுகள் இரவில் மணலைத் துளைத்து மேலே வந்து, தாழ்வானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஊர்கின்றன. இயற்கையில் அது கடல். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடுகளும் விடுதிகளும் மதிலுக்கு வெளியே அடிக்கும் ஃப்ளட் லைட்டுகளால் அவற்றுக்கு அது ஊர்ப்பக்கம் ஆகிவிடுகிறது. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவெல்லாம் அந்தக் கரையில் நடந்து முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். விளக்குகளை அணையுங்கள் என்று அவர்கள் கேட்காத ஆண்டு இல்லை. அந்தக் குஞ்சின் கண் மணலிலிருந்து ஒரு விரல் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து ஒரு மாளிகையின் மதிலைப் பார்க்கச் சொல்லி எந்தப் பயிற்சியிலும் எங்களுக்குப் பாடம் வைத்ததில்லை.

வைத்திருந்தால் தீர்வு கடினமானது அல்ல. விளக்கைத் தாழ்வாக வை. கடலைப் பார்க்கும் பக்கத்தை முழுதாக மறை. வெண்ணீலத்தை விட்டு ஆம்பர் நிறத்துக்குப் போ. நள்ளிரவுக்குப் பின் ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரியும்படி செய். இதை ஒரு வாடிக்கையாளரிடம் விளக்கியபோது பாதுகாப்புக்கு வெளிச்சம் வேண்டாமா என்று கேட்டார், நியாயமான கேள்வி. அன்றிரவே அவர் வீட்டு மதிலருகே நிற்கவைத்து, ஃப்ளட் லைட்டைப் போட்டு, அதன் பின்னால் நிழலில் நின்ற காவலாளியைக் கண்டுபிடிக்கச் சொன்னோம். கண்ணில் அடித்த வெளிச்சத்தால் அவருக்கு ஆள் தெரியவில்லை. விளக்கைத் தாழ்த்தி மறைத்ததும் தெரிந்தது. அவர் அந்த மாற்றத்துக்கு உடனே ஒப்புக்கொண்டார்.

இனி காசு யார் போடுவது என்ற கேள்வி. நிறுவனங்கள் செலவை ஏற்றால் அவர்கள் பொருள்தான் பாடமாகும். கட்டடக்கலைக் கல்லூரிகள் தங்கள் ஆய்வுக்கூடங்களை மாலை நேரங்களில் தொழில் செய்பவர்களுக்குத் திறந்துவிடலாம். கட்டடக்கலைஞர் சங்கங்கள் இரவுப் பார்வைகளை நடத்தலாம். கவுன்சில் அதைத் தொடர்கல்வி நேரமாகக் கணக்கில் எடுக்கலாம். இவை எல்லாம் நடக்கும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. கட்டி முடித்துக் குடிபோன கட்டடத்துக்குத்தான் திரும்பிப்போக வேண்டும், அங்கே இருப்பவர்களோடு ஒரு மாலை உட்கார வேண்டும், மின்சாரம் போன நேரத்திலும் ஒருமுறை பார்க்க வேண்டும். அதுவும் கல்விதான், அதற்கும் ஒரு விலை உண்டு. ஆகவே இப்போது எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: குடிபுகுந்த பிறகு ஓர் இரவுப் பார்வை, அதில் தேவைப்படும் விளக்கு மாற்றங்கள், அதற்கான கட்டணம். சில வாடிக்கையாளர்கள் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். வைத்துக்கொள்பவர்களின் வீட்டுக்கு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களையும் எலெக்ட்ரீஷியனையும் சேர்த்து அழைத்துப் போகிறேன்.